எது நகரும், எது நிக்கும்? (ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் மிஷின் வாங்கப் போன கதை)

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல பேப்பரைக் கூட பிரிக்கல, நெய்க்காரப்பட்டியில இருந்து தங்கச்சி மகன் போன்.

"மாமா, ஆறு கலரு, நாலு ஸ்டேசனு. சுத்தற மிசினுங்க. கோயமுத்தூர்ல ஒருத்தர் கைமாத்தி விடறாரு. நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லிப்போட்டீங்கன்னா எடுத்தரலாம்."

நான் பதில் சொல்றதுக்குள்ள தங்கச்சி போனை வாங்கிட்டா. "ஏண்ணா, ஆரத்தையும் வளையலையும் பேங்குல வெக்கோணும்ங்கறான். எங்கண்ணன் சரின்னு சொன்னாத்தான் குடுப்பேன்னு சொல்லிப்போட்டேன்." அவ்ளோதான். வெச்சுட்டா.

நகைக்கு நான் ஜவாப்தாரி ஆயிட்டேன். நான் பிரிண்டர் இல்ல, பிரிண்டர் மகன். அப்பா டிரெடில் வெச்சு நடத்தின பிரஸ்ல எழுத்துக் கோக்கற மேசைக்கு அடியில தூங்கி வளர்ந்தவன், அவ்வளவுதான் தகுதி. ஆனா மிஷின் வாங்கற விஷயத்துல எங்க வீட்ல ஏற்கெனவே ஒரு சூடு பட்டாச்சு (அது கடைசில வரும்). அதனால மாப்ளகிட்ட பத்து நாள் டைம் கேட்டேன். "இந்த மிஷின் யாரு, எதுக்காகக் கண்டுபிடிச்சாங்கன்னு மொதல்ல பாத்துக்கறேன்"னேன். அவன் சிரிச்சான். "மிசின் வாங்க வரலாறு எதுக்குங்க மாமா?"

எதுக்குன்னு இப்போ எழுதறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஊர் தெரியாதவங்களுக்கு: பழனியில இருந்து உடுமலை போற ரோட்டுல வர்ற பேரூர் நெய்க்காரப்பட்டி. சுத்தி கரும்பு, வெல்லம், நாட்டுச்சர்க்கரை. மாப்ள கடை ஒரே ஒரு ரூம். விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, கடைக்காரங்களுக்கு மஞ்சப்பை, தைப்பூசம் வந்தா பாதயாத்திரை குழுவுக்கு பனியன். இதுதான் பொழப்பு. இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

கோல அச்சும் மூட்டைத் தகடும்

ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்கு அந்நிய சரக்கே இல்ல. மார்கழில கோலம் போடத் தெரியாதவங்க ஒரு ஓட்டைத் தட்டுல மாவைப் போட்டுத் தரையில தட்டி எடுப்பாங்களே, கோல அச்சு, அதே தத்துவம்தான். ஓட்டை இருக்கற இடத்துல மாவு இறங்கும், இல்லாத இடத்துல இறங்காது. மண்டில மூட்டை மேல மார்க் போடற தகரத் தகடும் இதே வேலைதான். தகட்டை வெச்சு மையைத் தேச்சா எழுத்து கீழ விழும்.

ஆனா தகட்டுல ஒரு சிக்கல். 'ட', 'ப' வெட்டறது சுலபம். 'க', 'த', 'ண', 'ஞ' மாதிரி வயித்துக்குள்ள வெத்திடம் இருக்கற எழுத்தை வெட்டிப் பாருங்க. நடுத்துண்டு தனியாக் கழண்டு கீழ விழுந்துரும். அது விழாம இருக்க ஒரு சின்னப் பாலம் விடணும். அதனாலதான் மூட்டை மேல இருக்கற எழுத்தெல்லாம் அங்கங்க வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். இங்கிலீஷ்ல ஓ, ஏ, பி மாதிரி சில எழுத்துக்குத்தான் இந்தத் தொல்லை. நம்ம தமிழுக்கு சுழி ஜாஸ்தி, அதனால தொல்லையும் ஜாஸ்தி.

ஜப்பான்காரங்க இதுக்கு அழகா ஒரு வழி பண்ணினாங்க. கிமோனோ துணிக்கு சாயம் போட 'கத்தாகாமி'ன்னு ஒரு தாள் அச்சு. முசுக்கொட்டை நார்த் தாளை சீமைப் பனிச்சைக் காய்ச் சாறுல ஊற வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, அதுல டிசைனை வெட்டுவாங்க. கழண்டு விழற துண்டுகளை மெல்லிசான பட்டு நூலால இழுத்துப் பிடிச்சாங்க. நூல் அவ்ளோ மெல்லிசுங்கறதால அதோட தடம் துணியில தெரியாது. பின்னாடி தனித்தனி நூலுக்குப் பதிலா முழுசா ஒரு பட்டு வலையையே ஒட்டினாங்க. அந்த அச்சுகளோட ஓரத்துல குட்டிக் குட்டியா புள்ளி ஓட்டை இருக்கும். அடுத்த தடவை அச்சை வைக்கறப்போ, முன்னாடி விழுந்த புள்ளி மேல இந்தப் புள்ளி வந்து உக்காரணும். அப்பத்தான் டிசைன் தொடர்ச்சியா வரும்.

இந்தப் புள்ளியை மறந்துடாதீங்க. இன்னிக்கு மாப்ள நகையை அடகு வைக்கத் துடிக்கறது இந்தப் புள்ளிக்காகத்தான். பிரஸ் பாஷைல சொன்னா, ரிஜிஸ்டர். ஒரு கலர் மேல அடுத்த கலர் இம்மி பிசகாம உக்காரணும்.

மாவு சலிச்ச பட்டு

ஐரோப்பாவுல வலை வந்த வழி வேற. சுவிட்சர்லாந்துல மாவு மில்லுக்கு சல்லடைக்காகன்னே சன்னமான பட்டுத் துணி நெஞ்சாங்க. கண் அளவு ஒண்ணு போல, பிசிறில்லாம இருக்கும். அந்தத் துணிதான் பின்னாடி அச்சுக்கு வந்துச்சு. (நம்மூர்ல புட்டு மாவு சலிச்சுக்கிட்டே இதை யாராவது யோசிச்சிருக்கலாம். சரி விடுங்க.) 1907ல மான்செஸ்டர்ல சாமுவேல் சைமன்ங்கறவர் பட்டு வலையை சட்டத்துல கட்டி அச்சடிக்கற முறைக்கு காப்புரிமை வாங்கினார். அவர் மையைத் தள்ளினது பிரஷ்ஷால. நாம இன்னிக்கு இழுக்கற ரப்பர் ஸ்க்வீஜி அவர்கிட்ட இல்ல.

வலைக்கு அப்புறம் வெளிச்சம். 1839லேயே ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பான்டன், பொட்டாசியம் டைகுரோமேட் தடவின தாள் வெயில் பட்டா மாறுதுன்னு கண்டுபிடிச்சிருந்தார். அந்த உப்பை ஜெலட்டின், பசை மாதிரி வஸ்துல கலந்து வலையில தடவினா, வெளிச்சம் பட்ட இடம் இறுகிக்கும், படாத இடம் தண்ணில கரைஞ்சு ஓடிடும். எழுத்து ஓட்டையா நிக்கும். கத்தியே வேண்டாம்! 1910கள்ல இது அச்சுக்கூடத்துக்கு வந்துருச்சு. நம்மூர் சின்னக் கடைகள்ல ரொம்ப காலம் பசையும் பைக்ரோமேட்டும் கலந்து தடவி, கண்ணாடியை அழுத்தி, மொட்டை மாடி வெயில்ல காட்டித்தான் ஸ்கிரீன் எடுத்தாங்க. பழனிப் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்?

நடுவுல ஒரு எச்சரிக்கை. அந்த உப்புல இருக்கற குரோமியம் புற்றுநோய் வரவைக்கற ரகம். குரோமியம்னா என்னன்னு எங்க மாவட்டத்துக்குத் தனியா பாடம் எடுக்க வேண்டாம். 1996ல தோல் ஷாப் கழிவு வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ, தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்ட மாவட்டங்கள்ல திண்டுக்கல்லும் ஒண்ணு. அதனால மாப்ளைக்கு என் முதல் உத்தரவு: பைக்ரோமேட் டப்பாவைக் கடைக்குள்ளயே விடாதே. டயசோ, ஃபோட்டோபாலிமர்னு ரெடியா கிடைக்கற எமல்ஷன் போதும்.

எது நகரும், எது நிக்கும்?

படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. ஒரு கலர் அடிக்க மிஷினே தேவையில்ல. ஒரு சட்டம், ஒரு ஸ்க்வீஜி, ஒரு மேசை, முடிஞ்சுது. ரெண்டாவது கலர்னு ஒண்ணு வர்றப்பத்தான் வம்பு ஆரம்பம். இதுவரைக்கும் வந்த ஒவ்வொரு கை மிஷினும் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு பதில். பதியற பொருள், ஸ்கிரீன் - இந்த ரெண்டுல எது நகரும், எது நிக்கும்?

அமெரிக்கால சான் பிரான்சிஸ்கோவுல ஜான் பில்ஸ்வொர்த் 1918ல வாங்கின காப்புரிமை இதுக்கு ஒரு குறும்பான பதில். செலக்டசைன்னு பேர். பல கலருக்கும் ஒரே ஸ்கிரீன்! முதல் கலரை எல்லா இடத்துலயும் அடி. அப்புறம் அந்தக் கலர் மட்டும் வேணும்ங்கற இடத்தை ஸ்கிரீன்ல அடைச்சிடு. மீதில அடுத்த கலரை மேல அடி. இப்படியே போக வேண்டியது. ஸ்கிரீன் மாறவே இல்லங்கறதால பிசகற வாய்ப்பு கம்மி. ஆனா அடைச்சது அடைச்சதுதான். அதே வேலை மறுபடி வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பத்திரிகை அடிச்சதுக்கு அப்புறம் 'இன்னொரு நூறு வேணுமே'ன்னு வந்து நிக்கற மாப்பிள்ளை வீட்டாரை வெச்சுக்கிட்டு இது ஆகாது.

இனி, மாப்ள முன்னாடி இருந்த நாலு வழிகளைப் பார்ப்போம்.

1. கீல் மேசை

எல்லாருக்கும் தெரிஞ்சது. ஒரு பலகை, ஓரத்துல ரெண்டு கீல் கிளாம்ப், அதுல ஸ்கிரீன் சட்டம். தூக்கி, கார்டு வெச்சு, இறக்கி, இழு. இங்க ஸ்கிரீன் அதே இடத்துல நிக்குது, காகிதம் வந்து போகுது. காகிதம் ஒரே இடத்துல உக்கார மூணு முட்டு ஒட்டணும்: நீளப் பக்கம் ரெண்டு, குட்டைப் பக்கம் ஒண்ணு. நாலாவது முட்டு வெச்சா கெட்டுது. வெட்டுல அரை மில்லி பிசகின கார்டு மாட்டிக்கும்.

இன்னொரு சூட்சுமம், ஸ்கிரீன் காகிதத்தைத் தொடக்கூடாது. சட்டத்துக்கு அடியில அட்டையோ ஒரு ரூபா காசோ வெச்சு ரெண்டு மூணு மில்லி தூக்கணும். ஸ்க்வீஜி போற கோட்டுல மட்டும் வலை தொட்டு, உடனே துள்ளி விலகணும். அப்பத்தான் எழுத்து சுத்தமா விழும், இல்லன்னா ஈஷிக்கும். காகிதத்துக்கு சென்டிமீட்டருக்கு 100, 120 இழை வலை. துணிக்கு அவ்ளோ சன்னம் ஆகாது, 43ல இருந்து 55 போதும்.

கார்டு, பத்திரிகை, ஸ்டிக்கருக்கு இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. கீல் ஆடினா மட்டும் கதை கந்தல். வருஷக்கணக்கா அடிச்ச கிளாம்ப்ல ஆட்டம் வந்துரும், ரெண்டாவது கலர் தள்ளிப் போகும். 1962ல ஆண்டி வார்ஹோல் மர்லின் மன்றோ படத்தை ஸ்கிரீன்ல அடிச்சப்போ உதட்டுச் சாயம் உதட்டை விட்டுத் தள்ளி விழுந்துச்சு. அது கலை, மியூசியத்துல மாட்டியிருக்காங்க. நெய்க்காரப்பட்டியில பிள்ளையார் தும்பிக்கை தள்ளி விழுந்தா "பத்திரிகையை நீயே வெச்சுக்கப்பா"ன்னுட்டுப் போயிருவாங்க.

2. நீள டேபிள்

இது துணிக்காரங்க கண்ட வழி. துணி நெளியும், இழுபடும், முட்டுல நிக்காது. அதனால கேள்வியைத் திருப்பிப் போட்டாங்க. துணி நிக்கட்டும், ஸ்கிரீன் நகரட்டும்! நீளமான மேசை மேல துணியை ஒட்டிட்டு, ஸ்கிரீனைத் தூக்கிக்கிட்டு ஆளுங்க நடந்தாங்க. 1930கள்ல ஐரோப்பாவுல இது பெரிய தொழில் ஆச்சு. பட்டுக்குப் பேர்போன பிரெஞ்சு ஊர் லியோன் பேரையே இந்த முறைக்கு வெச்சுட்டாங்க.

ரிஜிஸ்டருக்கு அவங்க பண்ணின ஏற்பாடு ரொம்ப எளிமை. மேசை ஓரமா ஒரு ரெயில். ரெயில்ல சம தூரத்துல முட்டுக்கட்டைகள். ஸ்கிரீன் சட்டத்துல ஒரு கொக்கி அல்லது போல்ட். கொக்கி முட்டுல போய் இடிச்சா அதுதான் இடம். முதல் கலரை ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் அடிச்சுட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள முதல்ல அடிச்சது காஞ்சிருக்கும். ரெண்டாவது ஸ்கிரீனை எடுத்துக்கிட்டு அதே முட்டு, அதே நடை. ஜப்பான்காரங்க புள்ளிதான் இங்க முட்டா மாறியிருக்கு.

திருப்பூர் இதைத்தான் பிடிச்சுக்கிச்சு. 1978ல வெரோனான்னு ஒரு இத்தாலி இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததுல இருந்து அந்த ஊர் ஏற்றுமதிக் கதை ஆரம்பிக்குதுன்னு சொல்வாங்க. வெள்ளை பனியன்ல நெஞ்சுல படம் வேணும்னு வந்தப்போ, அதை வரிசை வரிசையா நீள டேபிள்ல வெச்சுக் கையாலயே அடிச்சுக் குடுத்தாங்க. 1963ல ஹாலந்துக்காரங்க, ஸ்டார்க் கம்பெனி, ஸ்கிரீனையே உருளையாக்கி ஓடவிட்டுட்டாங்க. சுத்துற மிஷின் உலகம் பூரா வந்துச்சு. ஆனா உருளைக்கு ஓடற துணி வேணும். வெட்டின பனியன் துண்டுக்கு டேபிள்தான்.

இதோட குறை என்ன? இடம் வேணும், நடக்கணும். பெரிய ஸ்கிரீனுக்கு ரெண்டு ஆள் வேணும். ஆனா மஞ்சப்பைக்கு சின்ன ஸ்கிரீன்தானே? ஒரே ஆள் போதும். அடிச்சதைக் காயப்போடத் தனியா ரேக் வேண்டாம், டேபிளே ரேக்.

3. ஒத்தைக் கை, காத்து உறிஞ்சற மேசை

மேசை பூரா பொடிப் பொடி ஓட்டை. அடியில ஒரு உறிஞ்சற மோட்டார். தாளை வெச்சா காத்து இழுத்துப் பிடிச்சுக்கும். ஸ்கிரீன் தூக்கறப்போ மையில ஒட்டிக்கிட்டுத் தாளும் கூட வராது. ஸ்க்வீஜி ஒரு கையில மாட்டியிருக்கறதால பெரிய தாள்லயும் அழுத்தம் சீரா இருக்கும். ஸ்டிக்கர், பெரிய போர்டு, பிளாஸ்டிக் ஷீட் அடிக்கறவங்களுக்கு அருமையான மிஷின். துணிப்பைக்கு இதுல பிரயோஜனம் இல்ல, துணி வழியா காத்து போயிரும். மாப்ள வேலைக்கு இது தேவைப்படாதுன்னு அஞ்சே நிமிஷத்துல தள்ளி வெச்சோம்.

4. சுத்தற மிஷின்

இப்போ கதாநாயகன். நடுவுல ஒரு தூண். மேல ஆறு கை, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்கிரீன். கீழ நாலு பலகை, ஒவ்வொண்ணுலயும் ஒரு சட்டை. எல்லாம் ஒரே அச்சுல சுத்தும். பாக்கவே ராட்டினம் மாதிரி ஜம்முனு இருக்கும், பொய் சொல்லல.

இதை உருவாக்கினவர் அமெரிக்கால மைக்கேல் வாசிலன்டோன்ங்கற ஆள், 1960ல. காப்புரிமை கிடைச்சது 1969ல. எதுக்காகப் பண்ணினாருன்னு தெரியுமா? பவுலிங் ஆடற குழுக்களோட சட்டைக்கு. குழு பேரு, காசு குடுத்த கம்பெனி சின்னம், இதெல்லாம் தைச்சு முடிச்ச சட்டையில பல கலர்ல விழணும். தைச்ச சட்டையை ஒரு தடவை எடுத்துட்டு மறுபடி அதே இடத்துல வைக்கறது நடக்கற காரியமா? அதனால அவர் பதில்: சட்டை பலகையை விட்டு இறங்கவே கூடாது. பலகை போய் அடுத்த ஸ்கிரீனுக்குக் கீழ நிக்கட்டும். ரெண்டுமே நகரும், ஆனா ஒரே தூணைச் சுத்தித்தான். கொஞ்ச நாள்லயே அந்த மிஷின் டி-ஷர்ட் பக்கம் போயிருச்சு. அமெரிக்க டி-ஷர்ட் தொழிலைத் தூக்கி நிறுத்தினதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

அபாரமான பதில், சந்தேகமே இல்ல. ஆனா எந்தக் கேள்விக்குப் பதில்? தைச்ச சட்டை, மூணுக்கு மேல கலர், ஒரே டிசைன்ல நூத்துக்கணக்குல. அந்தக் கேள்வி நம்ம கடைக்கு வருதா?

இன்னொண்ணும் உண்டு. இந்த மிஷின் பிளாஸ்டிசால் மையோட சேர்ந்து வளர்ந்த மிஷின். பிவிசி கலந்த மை அது. ஸ்கிரீன்ல எவ்வளவு நேரம் கிடந்தாலும் காயாது. துணியில இறுகணும்னா கிட்டத்தட்ட 160 டிகிரி சூடு வேணும். நம்ம கடைகள்ல துணிக்கு அடிக்கறது பெரும்பாலும் தண்ணி கலந்த பிக்மென்ட். பங்குனி வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ, ஆறு ஸ்கிரீனும் தன் முறை வர்ற வரைக்கும் காத்துக் கிடந்தா வலைக் கண்ணெல்லாம் அடைச்சிடும். அதனால மையை மாத்தணும். மையை மாத்தினா கலருக்குக் கலர் நடுவுல சூடு காட்ட ஒரு ஃப்ளாஷ் ஹீட்டர், கடைசியில இறுக வைக்க ஒரு சூட்டடுப்பு. ரெண்டும் கரண்டைக் குடிக்கும். கோயமுத்தூர்க்காரர் சொன்னது மிஷின் விலை மட்டும்தான். மத்தது பின்னாடி ஒண்ணொண்ணா வந்து கதவைத் தட்டும்.

பழைய மிஷின்ல பாக்க வேண்டியதையும் சொல்லிடறேன். கையைக் கீழ இறக்கி, நுனியைப் பிடிச்சு இடமும் வலமுமா ஆட்டிப் பாருங்க. தூண் பேரிங்ல துளி ஆட்டம் இருந்தாலும் நுனியில அது பல மடங்காத் தெரியும், ஏன்னா கை நீளம். நாலு பலகையும் ஒரே மட்டத்துல இருக்கான்னு ஒவ்வொரு கைக்கும் கீழ சுத்தி வெச்சுப் பாக்கணும். நாங்க போய்ப் பாத்த மிஷின்ல ஆட்டம் இருந்துச்சு. மாப்ள ஆட்டிப் பாத்துட்டு என்னைப் பார்த்தான். ஒண்ணும் பேசல.

ஆர்டர் நோட்டு

ஆட்டம் இல்லாத மிஷினாவே இருந்திருந்தாலும் நான் சரின்னு சொல்லியிருக்க மாட்டேன். காரணம் அவனோட ஆர்டர் நோட்டு. ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வருஷத்தைப் புரட்டினோம். பக்கம் பக்கமா ஒரே கலர். மஞ்சப்பையில செவப்பு எழுத்து, இல்லன்னா பச்சை. ரெண்டு கலர் வேலையை எண்ண ரெண்டு கை விரல் தாராளம். மூணு கலருக்கு மேல வந்தது மூணே மூணு. அதுல ரெண்டு, பாதயாத்திரை பனியன்ல முருகன் படம்.

மஞ்சப்பை எப்படி இவ்ளோ ஆச்சுன்னும் பாக்கணும். ஒரு காலத்துல 'மஞ்சப்பை தூக்கிட்டு வந்துட்டான்'னா பட்டிக்காட்டான்னு அர்த்தம், சினிமாவுல சிரிப்புக்கு வைப்பாங்க. 2018 ஜூன்ல தமிழக அரசு உத்தரவு போட்டு, 2019 ஜனவரி 1ல இருந்து ஒரு தடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு. 2021 டிசம்பர் 23ல 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம். 2022ல கோயம்பேட்டுல 10 ரூபாய் போட்டா மஞ்சப்பை குடுக்கற மிஷினே வெச்சாங்க. ஜவுளிக்கடை, வெல்ல மண்டி, மளிகைன்னு எல்லாரும் பேர் போட்ட துணிப்பை கேக்க ஆரம்பிச்சாங்க. மாப்ள கடை நிக்கறதே அதுலதான்.

பல கலர் வேலை பெருகும்னுதான் அவன் கணக்கு. ஆனா இந்த சில வருஷமா டிடிஎஃப்னு ஒண்ணு வந்திருக்கு. படத்தைப் பிலிம்ல பிரிண்டர்ல அடிச்சு, பசைப் பவுடர் தூவி, சூட்டுல துணி மேல அமுக்கிடறாங்க. பத்து பனியனுக்கு முருகன் படம்னா வேலும் மயிலும் முழுக் கலர்ல வந்துருது, ஸ்கிரீனே வேண்டாம். அதே படம் அஞ்சாயிரம் பனியன்ல வேணும்னா ஆர்டர் திருப்பூர் ஆட்டோமேட்டிக் மிஷினுக்குப் போயிரும். ரெண்டு பக்கமும் போனதுக்கு அப்புறம் நடுவுல மிஞ்சறது ஒரு கலர், ரெண்டு கலர், நூத்துல இருந்து ஆயிரம் வரைக்கும். அந்த இடத்துல டிடிஎஃப் கட்டுப்படியாகாது, திருப்பூர் எட்டிப் பாக்காது. அந்த நடுவாந்திரம்தான் சின்னக் கடையோட வயல். அதுக்கு ஆறு கை எதுக்கு?

ஜப்பான்ல இன்னொரு கதை. 1977ல ரிசோ கம்பெனி நோபோரு ஹயாமா 'பிரிண்ட் கொக்கோ'ன்னு ஒரு குட்டி வீட்டு ஸ்கிரீன் பிரிண்டரைக் கொண்டு வந்தார். பல்பை 'பளிச்'சுன்னு எரிய விட்டா ஸ்கிரீன் ரெடி. புத்தாண்டு வாழ்த்து அட்டையை வீட்டுக்கு வீடு அதுலதான் அடிச்சாங்க. கம்ப்யூட்டர் பிரிண்டர் வந்து 2008ல உற்பத்தியை நிறுத்தினாங்க. மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு. பல்பும் ஸ்கிரீனும் அவங்ககிட்ட மட்டும்தான் கிடைக்கும், அதுதான் பிரச்சினை. நெய்க்காரப்பட்டி வெல்டரும் ஆசாரியும் ரிப்பேர் பண்ண முடிஞ்ச மிஷின் எதுவோ, அதுக்குத்தான் ஆயுசு கெட்டி.

அப்பாவோட டிரெடில்

அப்பாகிட்ட ஒரு டிரெடில் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. தொண்ணூறுகள் ஆரம்பத்துல கடன் வாங்கி ரெண்டாவது ஒண்ணை இறக்கினார். வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சாறு மிஷினைப் பாத்து, தட்டி, விசாரிச்சு, அதுல சிறந்ததைத்தான் எடுத்தார். தேர்வுல தப்பே இல்ல. ஆனா அதே சமயத்துல டிடிபியும் ஆஃப்செட்டும் பழனி வரைக்கும் வந்துட்டிருந்துச்சு. அப்பா மிஷினை மிஷினோட ஒப்பிட்டார். ஊருக்கு வரப்போற வேலையோட ஒப்பிடல. ரெண்டு டிரெடிலும் கடைசியில பழைய இரும்பு எடைக்குப் போச்சு, கூடவே மூட்டை மூட்டையா ஈய எழுத்துகளும். தராசு பக்கத்துல நின்னுக்கிட்டு அவர் எழுத்தைக் கையில அள்ளிப் பாத்தது இன்னும் கண்ணுல இருக்கு. அதுக்கு அப்புறமும் பல வருஷம் வட்டி கட்டினார்.

இதை மாப்ளகிட்ட சொன்னேன். அவன் ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு கேட்டான். "எல்லாஞ் சரிங்க மாமா. ஆனா சுத்தற மிசின் கடையில நின்னா வர்ற கஸ்டமரு ஒரு மரியாதையாப் பாப்பாங்கல்லங்க?"

உண்மைதான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அப்பா ரெண்டாவது டிரெடில் வாங்கினதுக்கும் அதுதான் காரணமோ என்னவோ.

கடைசியா என்ன பண்ணினோம்? கடைக்குப் பின்னாடி தாழ்வாரத்துல பன்னெண்டு அடிக்கு ஒரு டேபிள். உள்ளூர் வெல்டர் ஆங்கிள் அடிச்சு ரெயில் வெச்சு, போல்ட்ல முட்டு போட்டுக் குடுத்தார். மேல பிளைவுட், அதுக்கு மேல கம்பளி, ரெக்ஸின். கார்டுக்குப் பழைய கீல் மேசைக்கே புதுக் கிளாம்ப். நகை பீரோவை விட்டு வெளிய வரல. மூணு கலர் வேலை மாசாமாசம் தவறாம வர ஆரம்பிச்சா, அன்னிக்கு மேசை மேல வைக்கற ஒத்தைப் பலகை, நாலு கை மிஷின் ஒண்ணைப் பாக்கலாம்னு பேச்சு. ஸ்டேஷன் எண்ணிக்கையைவிட ஆட்டம் இல்லாத தூண்தான் முக்கியம்னு அவனே சொல்றான் இப்போ.

முதல் நாளே ஒரு கூத்து. ரெண்டு கலர் பை. நாற்பது பை அடிச்சதுக்கு அப்புறம் பாத்தா, பச்சை ஓரம் செவப்பை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போயிட்டே இருக்கு. முட்டு போல்ட்டை நாங்க சரியா முடுக்கல. நிக்க வேண்டியது நகர்ந்துருச்சு! பத்து நாள் வரலாறு படிச்சவனும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன் :-)

அந்த நாற்பது பையையும் தங்கச்சி எடுத்து வெச்சுக்கிட்டா. சந்தைக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறாளாம். "வார்ஹோல் பை"ன்னு பேர் வெச்சிருக்கேன், அவளுக்குப் புரியல, சிரிச்சுட்டுப் போயிட்டா.

பி.கு: நீள டேபிள்ல பை அடிக்கறவங்க யாராவது இருந்தா ஒரு சந்தேகம். துணி நகராம இருக்க டேபிள்ல நீங்க என்ன தடவறீங்க? நாங்க இப்போதைக்கு பசைதான். மழைக்காலத்துல பிசுபிசுங்குது. நல்ல வழி தெரிஞ்சா சொல்லுங்க, மாப்ள காத்துக்கிட்டிருக்கான்.